முதுகு ஊசியில் எந்த மருந்து? சிசேரியன் அறுவைக்கான உணர்விழப்பு மருந்துகள்: ஓர் ஒப்பீடு

சிசேரியன் அறுவை முடிவானவுடன் தாயின் குடும்பத்தாரிடம் ஒப்புதல் படிவம் தரப்படுகிறது. அவ்வேளையில் ஒரு வினாவும் ஒரு வேண்டுகோளும் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களிடமிருந்தும் எழுகின்றன. “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடாதா?” என்பது வினா. “விலை கூடினாலும் பரவாயில்லை, நல்ல மருந்தாகப் போடுங்கள்” என்பது வேண்டுகோள். ஆலத்தூர் நாடு முதலிய மலைநாடுகளிலிருந்து காரவள்ளி வழியே எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து சேரும் குடும்பங்களுக்கு, இவ்விரண்டையும் ஆர அமரக் கேட்டுத் தெளிய நேரம் கிடைப்பதில்லை. எனவே அவற்றுக்குரிய விடையை முன்கூட்டியே எழுத்தில் தருவது இக்கட்டுரையின் நோக்கம்.

இது சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன் வழியாக நிகழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு முதுகு ஊசியே போடப்படுகிறது.

சுருங்கச் சொன்னால், முதுகு ஊசிக்குரிய மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை. எவ்வளவு விரைவில் தொடங்குகின்றன, உடலில் எவ்வளவு உயரம் ஏறுகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன, எப்படி விலகுகின்றன என்பவற்றில்தான் அவை வேறுபடுகின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கால அளவு உண்டு. அதை அறிந்த குடும்பம், அறுவை முடிந்து ஒரு மணி நேரத்தில் தாயின் கால் அசையவில்லை என்று அஞ்சாது. நான்கு மணி நேரம் கடந்தும் அசையவில்லையெனில் வாளாவிருக்கவும் செய்யாது.

ஊசி எங்கே போடப்படுகிறது?

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முதுகெலும்புக்குள் பாதுகாப்பாக அமைந்துள்ளது. அது இடுப்பு வரை முழுவதும் நீளுவதில்லை. வளர்ந்தோருக்குப் பெரும்பாலும் முதலாம் இடுப்பு முள்ளெலும்பின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்பு இழைகள் மட்டுமே, குதிரையின் வால்போல, தண்டுவட நீரில் மிதந்தவாறு தொங்குகின்றன.

முதுகு ஊசி அந்த முடிவிடத்திற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் போடப்படுகிறது. நீரில் மிதக்கும் இழைகள் ஊசி முனை வரும்போது பெரும்பாலும் விலகிக்கொள்கின்றன. ஊசி தண்டுவடத்தைத் துளைத்துவிடும் என்னும் அச்சத்திற்கு இவ்வமைப்பே மறுமொழி.

நிலையான பாதிப்பு எவ்வளவு அரிது என்பதற்கும் கணக்கு உண்டு. பிரிட்டனில் ஓராண்டில் முதுகெலும்புப் பகுதியில் போடப்பட்ட ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட உணர்விழப்பு ஊசிகளை ஆராய்ந்த தேசியக் கணக்கெடுப்பு 2009ஆம் ஆண்டு வெளியானது. நிலைத்த பாதிப்பு ஓர் இலட்சத்திற்கு இரண்டு முதல் நான்கு பேருக்கே நேர்ந்ததாக அது கணித்தது. அவர்களுள்ளும் மகப்பேற்றுத் தாய்மாரின் பங்கு இன்னும் குறைவு.

மருந்து என்ன செய்கிறது?

வலி என்பது நரம்பு இழையின் வழியே செல்லும் ஒரு மின்செய்தி. சோடியம் அயனிகள் நரம்புச் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்களின் வழியே உள்ளே பாய்வதால் அச்செய்தி நகர்கிறது. உணர்விழப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்துக்கொள்கிறது, செய்தி நின்றுவிடுகிறது. மருந்தை இரத்த ஓட்டம் சிறிது சிறிதாக அகற்றும்போது வாயில்கள் மீண்டும் திறக்கின்றன. நரம்பு அழிவதில்லை, சிறிது நேரம் பேசாதிருக்கிறது, அவ்வளவே.

எல்லா நரம்புகளும் ஒரே வேளையில் அடங்குவதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய நரம்புகள் முதலில் அடங்குகின்றன. ஆதலால் ஊசி போட்ட சில நிமிடங்களில் கால்கள் வெதுவெதுப்பாகின்றன. இரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். அடுத்துக் குளிர்ச்சியும் வலியும் மறைகின்றன. தொடு உணர்வு அதற்குப் பின்பே குறைகிறது. கால்களை இயக்கும் பருத்த நரம்புகள் அடங்கக் கூடுதல் மருந்து தேவை.

இதனால் அறுவையின்போது வலி இராது. ஆனால் தொடுவதும், அழுத்துவதும், குழந்தையை வெளியே எடுக்கையில் வயிற்றுக்குள் இழுப்பதும் தெரியலாம். இது மருந்தின் குறையன்று. கூர்மையான வலி தெரிந்தால் அது வேறு. அதை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது தாய்மையின் இலக்கணம் என்று மலையிலும் சமவெளியிலும் பலர் எண்ணுகின்றனர். அறுவை மேசையில் அந்த எண்ணத்திற்கு இடமில்லை. தாய் சொன்னால்தான் கூடுதல் மருந்து தரவோ, தேவையெனில் முழு மயக்கத்திற்கு மாறவோ இயலும்.

அறுவைக்கு முன் மருத்துவர் பனிக்கட்டியையோ ஸ்பிரிட் நனைத்த பஞ்சையோ உடலில் வைத்து, “குளிர்ச்சி தெரிகிறதா?” என்று கேட்பார். வெட்டு அடிவயிற்றில்தான் இருக்கும். ஆயினும் வயிற்றின் உட்சவ்விலிருந்து செல்லும் நரம்புகள் மிக மேலே தண்டுவடத்தில் சேர்கின்றன. அதனால் ஏறத்தாழ மார்புக் காம்பு மட்டம் வரை குளிர்ச்சி தெரியாதிருக்க வேண்டும். மூச்சு விடுவது உணரப்படாததுபோல் சிலருக்குத் தோன்றுவது இதனால்தான். பேச முடிகிறதெனில் மூச்சும் நடைபெறுகிறது என்று பொருள்.

மருந்துகள் வந்த வழி

1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக இம்முறையில் அறுவை செய்தார். அவர் பயன்படுத்திய மருந்து கொக்கெய்ன். நோயாளிகள் தலைவலியாலும் வாந்தியாலும் துன்புற்றதைக் கண்ட அவர், தம் உதவியாளருடன் தம் உடலிலேயே அதைச் சோதித்துப் பார்த்துத் தலைவலியால் சில நாள் படுக்கையில் கிடந்தார்.

கொக்கெய்ன் நஞ்சு மிகுந்தது என்பதால் மாற்று தேடப்பட்டது. 1905இல் புரோகெய்ன் புழக்கத்திற்கு வந்தது. 1943இல் சுவீடனில் லிக்னோகெய்ன் உருவாக்கப்பட்டது. அதே நாட்டில் 1957இல் பூபிவகெய்ன் பிறந்தது. அதன் வழித்தோன்றல்களாக ரோபிவகெய்னும் லீவோபூபிவகெய்னும் பின்னர் வந்தன.

இவ்வரலாற்றில் மருந்துக்கு ஈடாக மதிக்கத்தக்க மற்றொரு கண்டுபிடிப்பும் உண்டு. 1907இல் இலண்டனில் ஆர்தர் பார்க்கர் என்பவர் மருந்தோடு குளுக்கோஸ் சர்க்கரையைக் கலந்து அதைத் தண்டுவட நீரைவிடக் கனமானதாக ஆக்கினார். முதுகெலும்பின் வளைவைப் போன்ற கண்ணாடிக் குழாயில் நிறமேற்றிய நீரை விட்டு அது எங்கே செல்கிறது என்றும் பார்த்தார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் “ஹெவி” என்று எழுதப்பட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் மருந்து அவர் வகுத்த வழியிலேயே வருகிறது.

கனமான மருந்தின் பயன்

நீர் நிறைந்த செம்பில் ஒரு துளி மலைத்தேனை விட்டால் அது நேரே அடியில் இறங்குகிறது. சர்க்கரை கலந்த மருந்தும் தண்டுவட நீரில் அவ்வாறே தாழ்வான பகுதியை நாடிச் செல்கிறது. தாய் மல்லாந்து படுக்கும்போது இடுப்பு வளைவு மேடாகவும், நெஞ்சுக்குப் பின்னுள்ள வளைவு பள்ளமாகவும் அமைகின்றன. மலை முகட்டில் பெய்த மழை இருபுறச் சரிவிலும் வழிவதுபோல மருந்தில் ஒரு பகுதி கால்களின் பக்கமும் மற்றொரு பகுதி நெஞ்சின் பக்கமும் செல்கிறது. நெஞ்சுப் பக்கம் சென்றது அப்பள்ளத்தில் தேங்கி, பெரும்பாலும் அதற்கு மேல் ஏறாது நிற்கிறது. சிசேரியனுக்குத் தேவைப்படும் உயரமும் அதுவே. போதிய உயரம் ஏறவில்லையெனில் மேசையைச் சாய்த்து மருந்தை நகர்த்தலாம். படுக்கும் நிலைக்குக் கீழ்ப்படிகிறது என்பதே கனமான மருந்தின் சிறப்பு.

மருந்துகளின் ஒப்பீடு

லிக்னோகெய்ன்: ஐந்து விழுக்காட்டுக் கனமான கரைசலாக முன்பு மிகுதியும் பயன்பட்டது. சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆனால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் விலகத் தொடங்கிவிடும். முதல் சிசேரியன் எளிதாக முடிந்தால் அது போதும். முன்பே சிசேரியன் ஆகி உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தாலோ இரத்தப்போக்கை நிறுத்த நேரம் எடுத்தாலோ அறுவை முடியுமுன் வலி திரும்பக்கூடும். மேலும், மருந்து விலகிய பின் பிட்டத்திலும் கால்களிலும் சில நாட்களுக்கு வலி ஏற்படுவது குறித்து 1993இல் வெளியான அறிக்கைக்குப் பின் உலகெங்கும் இதன் பயன்பாடு குறைந்தது. அவ்வலி நிலைத்து நிற்பதன்று. கருவுற்ற தாய்மாருக்கு அது அரிதாகவே நேர்கிறது. எனினும் நேரக் குறைவு ஒன்றே சிசேரியனுக்கு இம்மருந்தைப் பின்னுக்குத் தள்ளப் போதுமானது.

கனமான பூபிவகெய்ன்: இன்று சிசேரியனுக்கு மிகுதியும் போடப்படும் மருந்து. ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் மருந்து இருக்கும். வழக்கமான அளவு 8 முதல் 12 மில்லிகிராம். அதாவது ஏறத்தாழ 2 மில்லிலிட்டர், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அறுவைக்கு ஏற்ற நிலை வருகிறது. ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வரை நிற்கிறது. எதிர்பாராத தாமதத்திற்கும் இடம் தருகிறது. அளவு மிகச் சிறிது என்பதால் குழந்தைக்குச் சென்று சேரும் மருந்து பொருட்படுத்தத்தக்கதன்று. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. விலையும் மலிவு.

சர்க்கரை சேராத பூபிவகெய்ன்: உடல் வெப்பத்தில் இது தண்டுவட நீரைவிடச் சற்றே இலேசானது. எவ்வளவு ஏறும் என்பதை முன்கூட்டிக் கணிப்பது சற்றுக் கடினம். சிசேரியனில் இவ்விரு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்டது. கனமான மருந்து மார்பு மட்டத்தை ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னதாக எட்டியது. மற்றபடி இரண்டும் பயன் தருபவையே எனத் தெரியவந்தது.

லீவோபூபிவகெய்ன்: பூபிவகெய்ன் என்பது இடக்கையும் வலக்கையும்போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. அவற்றுள் இதயத்திற்குக் கேடு குறைவான இடப்புற மூலக்கூறை மட்டும் பிரித்தெடுத்ததே இம்மருந்து. பூபிவகெய்ன் பெருமளவில் இரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும் என்னும் எச்சரிக்கை 1979இல் எழுந்தது. 1984இல் அமெரிக்காவில் அதன் செறிவு மிகுந்த முக்கால் விழுக்காட்டுக் கரைசல் மகப்பேற்றுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் அவை தண்டுவட உறைக்கு வெளியே பெருமளவில் செலுத்தும் எபிடியூரல் முறையில் நேர்ந்தவை. முதுகு ஊசியில் செல்வது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆதலால் எபிடியூரலில் பெரிதாகத் தெரியும் இந்நன்மை முதுகு ஊசியில் சிறிதாகிவிடுகிறது.

ரோபிவகெய்ன்: பூபிவகெய்னைவிட வீரியம் குறைந்தது, ஆகவே கூடுதல் அளவு தேவைப்படுகிறது. கால்களை இயக்கும் நரம்புகளை விரைவில் விடுவிப்பது இதன் நன்மை. தாய் முன்னதாகவே கால்களை அசைக்கலாம். அதே காரணத்தால் அறுவை நீளும்போது கிடைக்கும் கால இடைவெளி குறைவு.

இவற்றுள் எது உயர்ந்தது? விலை கூடியது உயர்ந்தது என்னும் கணக்கு இங்கே பொருந்தாது. குழந்தை வெளிவர, கருப்பை தைக்கப்பட, வயிறு மூடப்பட ஆகும் நேரத்தைத் தாராளமாகக் கடந்து நிற்பதும், எவ்வளவு ஏறும் என்பதைப் பெரிதும் கணிக்கத்தக்கதுமான மருந்தே சிசேரியனுக்கு ஏற்றது. அவ்வளவுகோலில் கனமான பூபிவகெய்ன் முன்னிற்கிறது. மலிவான மருந்தைப் போட்டுவிட்டார்களே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

அளவைக் குறைப்பதும் கூட்டுவதும்

மருந்தைத் தேர்வதைவிட அளவைத் தேர்வதே நுட்பமான பணி. கருவுற்ற தாயின் வயிற்றில் பருத்த கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. அதனால் முதுகெலும்புக்குள் உள்ள சிரைகள் புடைத்து, தண்டுவட நீருக்குரிய இடம் குறைகிறது. எனவே கருவுறாத பெண்ணுக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த மருந்தே தாய்க்குப் போதும். உயரம் குறைந்த தாய்க்கு மருத்துவர் மேலும் சற்றுக் குறைப்பார்.

அளவு கூடினால் இரத்த அழுத்தம் மிகுதியாக இறங்கும்; குறைந்தால் அறுவையின் நடுவே வலி தெரியும். 2011இல் வெளியான ஆய்வுத்தொகுப்பு ஒன்று, 8 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ பூபிவகெய்ன் பெற்ற தாய்மாருக்கு இரத்த அழுத்தக் குறைவும் குமட்டலும் குறைந்தன என்றும், கூடுதல் வலிநீக்கி தேவைப்பட்டது மிகுந்தது என்றும் காட்டியது.

இச்சிக்கலைத் தீர்க்கவே துணை மருந்து சேர்க்கப்படுகிறது. 10 முதல் 25 மைக்ரோகிராம் ஃபென்டனில் சேர்த்தால், பூபிவகெய்னின் அளவைக் கூட்டாமலே அறுவை நேர நிம்மதி கூடுகிறது. 100 முதல் 150 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்த்தால், அறுவைக்குப் பின் அரை நாள் முதல் ஒரு நாள் வரை வலி தணிந்திருக்கும். இத்துணை மருந்துகளால் மூக்கிலும் முகத்திலும் அரிப்பு ஏற்படலாம். அது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. எனினும் செவிலியரிடம் சொல்லுங்கள். மார்ஃபின் பெற்ற தாயின் மூச்சு இயல்பாக உள்ளதா என்று செவிலியர் இரவிலும் வந்து பார்ப்பர். உறக்கம் கெடுகிறதே என்று தடுக்க வேண்டாம்.

இரத்த அழுத்தம் இறங்கும்போது தாய்க்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் தோன்றும். குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறையும். அதனால் ஊசி போட்டவுடன் தாயின் இடுப்பைச் சற்று இடப்புறம் சாய்த்து வைக்கின்றனர். நரம்பு வழியே திரவம் செலுத்துகின்றனர். ஃபினைலெஃப்ரின், மெஃபென்டெர்மின் போன்ற மருந்துகளைக் கையருகே வைத்துள்ளனர். “வாந்தி வருவதுபோல் இருக்கிறது” என்று தாய் சொல்லும் ஒரு சொல், கருவி காட்டுமுன்பே மருத்துவரை எச்சரிக்கக்கூடும்.

நான்கு மணி நேரக் கணக்கு

அறுவைக்குப் பின் தாயுடன் இருப்பவர் இதை நினைவில் வைத்தால் போதும். ஊசி போட்ட நேரத்தைச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கனமான பூபிவகெய்ன் பெற்ற தாய்க்கு முதல் இரண்டு மணி நேரம் கால்கள் அசையாதிருப்பதும் கனமாகத் தோன்றுவதும் இயல்பு. முதலில் கால் விரல்களும், பின்னர் கணுக்காலும் முழங்காலும் அசையத் தொடங்கும். நான்கு மணி நேரம் முடிவதற்குள் காலை மடக்காமல் படுக்கையிலிருந்து நேராக உயர்த்த இயல வேண்டும்.

நான்கு மணி நேரம் கடந்தும் ஒரு காலையேனும் அவ்வாறு உயர்த்த முடியவில்லையெனில் மயக்கவியல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்நான்கு மணி நேரத்தையே எல்லையாகக் கொண்டது. முதுகெலும்புக்குள் இரத்தக்கட்டு உண்டாவது மிக மிக அரிது. ஆனால் அது நேர்ந்தால் சில மணி நேரத்திற்குள் கண்டறிந்து அறுவை செய்தால்தான் கால்களைக் காக்க இயலும். பெரும்பாலான அழைப்புகளில் அஞ்சத்தக்கது ஒன்றும் இராது. இருந்தாலும் அழைப்பதே சரி. “கால் இன்னும் வரவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இரவில் பொறுத்திருப்பது மட்டும் கூடாது.

கால்கள் இயங்கிய பின்பும் முதன்முறை எழுந்து நிற்கும்போது செவிலியரின் துணை வேண்டும். கால் அசைகிறது என்பதும் கால் உடலைத் தாங்கும் என்பதும் ஒன்றல்ல.

வீடு திரும்பிய பின்

எழுந்து அமர்ந்தால் மிகுந்து, படுத்தால் குறையும் தலைவலி முதல் சில நாட்களில் தோன்றினால், அது ஊசித் துளையின் வழியே தண்டுவட நீர் கசிவதால் இருக்கலாம். பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகளைப் பயன்படுத்தினால் இது நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ நேர்கிறது. பெரும்பாலும் தானே சரியாகும். சரியாகாவிடில் அதற்கும் சிகிச்சை உண்டு. மலைக்குத் திரும்பும் முன் இத்தலைவலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மேலே சென்ற பின் மீண்டும் இறங்கி வருவது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆண்டுக்கணக்கில் தொடரும் முதுகுவலிக்கு முதுகு ஊசியே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருப்பது உண்மை. ஆனால் ஊசி பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நெடுநாள் முதுகுவலி இருசாராரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே காணப்பட்டது. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைநார்களும், குனிந்து பாலூட்டுவதும், குழந்தையோடு சுமை தூக்குவதும் அவ்வலிக்குப் பெருங்காரணங்கள்.

காய்ச்சலுடன் கூடிய கடுமையான முதுகுவலி, கால்களில் புதிதாகத் தோன்றும் பலவீனம், சிறுநீர் வராமை, கழுத்து விறைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஊசிக்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியவை

மருத்துவர் எந்த மருந்தைத் தேர்ந்தாலும், அத்தேர்வு நீங்கள் தரும் செய்தியை நம்பியே அமைகிறது. பின்வருவனவற்றை அவர் கேட்காவிடினும் சொல்லுங்கள்.

இரத்தம் எளிதில் உறையாத குறை, இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், இதய வால்வு நோய், முதுகில் புண் அல்லது முன்பு செய்த முதுகெலும்பு அறுவை ஆகியவை இருந்தால் முதுகு ஊசியைத் தவிர்க்கவோ முறையை மாற்றவோ நேரும்.

கருவுற்ற காலத்தில் உட்கொண்ட பச்சிலை மருந்து, கஷாயம், சூரணம் எதுவாயினும் சொல்லுங்கள். மூலிகைக்குப் பேர்பெற்ற மலை கொல்லிமலை. அவற்றுள் சில இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும். மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்ச வேண்டாம்.

தேள் கொட்டியது உண்டா என்பதையும் சொல்லலாம். பலமுறை தேள் கொட்டியவர்களுக்கு உணர்விழப்பு மருந்து சரிவர வேலை செய்யவில்லை என்னும் குறிப்புகள் இந்திய மயக்கவியல் இதழ்களில் வெளியாகியுள்ளன. அவை தனிப்பட்ட சிலரைப் பற்றிய குறிப்புகளே, முடிந்த முடிபல்ல. ஆயினும் காட்டிலும் தோட்டத்திலும் உழைக்கும் தாய் இதைச் சொல்லிவைத்தால், மாற்று வழியோடு மருத்துவர் முன்னரே ஆயத்தமாக இருப்பார்.

கடைசியாக உண்டது எப்போது என்பதை மெய்யாகச் சொல்லுங்கள். திட்டமிட்ட அறுவைக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு கூடாது; இரண்டு மணி நேரம் வரை வெறும் தண்ணீர் அருந்தலாம். கஞ்சியும், நீராகாரமும், பால் கலந்த தேநீரும் வெறும் தண்ணீர் ஆகா. முதுகு ஊசிக்கு எதற்கு வெறும் வயிறு என்று கேட்கலாம். ஊசி போதாமல் முழு மயக்கம் தர நேர்ந்தால், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாயில் ஏறிவிடும் இடர் உண்டு. முழு மயக்கத்தைவிட முதுகு ஊசியை மருத்துவர் விரும்புவதற்கும் அதுவே முதற்காரணம். கருவுற்ற தாயின் தொண்டை வீங்கியிருப்பதால் முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் செலுத்துவதும் கடினமாகலாம். மேலும் முதுகு ஊசியில் தாய் விழித்திருந்து தன் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம்; விரைவில் பாலூட்டவும் தொடங்கலாம்.

எனினும் பெரும் இரத்தப்போக்கு, குழந்தையின் துடிப்பு திடீரெனக் குறைதல் போன்ற வேளைகளில் முழு மயக்கமே உரிய வழியாகலாம். அப்போது தேர்வை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

தாய் சேய் நல அட்டையையும், கிராம சுகாதார செவிலியர் தந்த பதிவுச் சீட்டையும், பழைய அறுவையின் வெளியேற்றச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். மருத்துவர் தேதி குறித்திருந்தால், வலி வரும்வரை மலையில் காத்திராமல் முன்னதாகவே இறங்கி வந்து தங்குவது நலம். மலைவாழ் தாய்மாருக்கென மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மகப்பேற்றுக்கு முன் தங்கும் அறைகள் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டுள்ளன; அவற்றைப் பற்றி உங்கள் செவிலியரிடம் கேளுங்கள். நேரம் இருக்கும் தாய்க்கு அளவோடும் அமைதியோடும் முதுகு ஊசி போட இயலும். நேரமில்லாமல் வந்து சேரும் தாய்க்கு அத்தேர்வே இல்லாமல் போகலாம்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: எந்த மருந்து போடப் போகிறீர்கள்? எவ்வளவு நேரம் நிற்கும்? வலி தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கால்கள் எப்போது இயங்க வேண்டும்? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. விடைகளைத் தாயும், இரவில் அவர் அருகில் அமரப்போகும் மாமியாரோ அம்மாவோ நாத்தனாரோ சேர்ந்து கேட்டுக்கொள்வது நலம்.